பொதுச் சொத்துக்குப் பொதுப்பணம்! கணக்கு ஜனங்கள் முன்னால்!

(திருவட்டாற்றில் ஆற்றிய சொற்பொழிவு)



கோதையாறும் பரளியாறும் வட்டமிட்டு ஓடுகிற இந்த ஊரில் மூன்று விஷயங்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். ஒன்று கோவில். இன்னொன்று மலை. மூன்றாவது வோட்டு.

“கோவிலுக்கும் வோட்டுக்கும் என்ன சம்பந்தம்? மலைக்கும் தேர்தலுக்கும் என்ன உறவு?” என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. இந்த மூன்றும் தனியொருவருடைய சொத்து அல்ல. நேற்று வாழ்ந்தவர்கள் நமக்கு விட்டுப்போனவை. நாளை வரப்போகிறவர்களுக்கு நாம் கொடுத்தாக வேண்டியவை. இவற்றைக் காப்பாற்றப் பணம் வேண்டும். அந்தப் பணத்தைக் கொடுப்பவர் யார்? கொடுப்பவர் அதற்குப் பதிலாக என்ன வாங்கிக்கொண்டு போகிறார்? நாம் கேட்பது இந்த ஒரே கேள்வியைத்தான்.

இதற்கான பதிலைத் தேடி டில்லிக்கும் லண்டனுக்கும் ஓட வேண்டியதில்லை. திருவட்டாற்றிலேயே பதில் இருக்கிறது. இந்திய அரசியல் சட்டத்திலேயே அது எழுதப்பட்டிருக்கிறது.

கோவில் மானியம் யாருடைய தர்மம்?

ஆதிகேசவப் பெருமாள் கோவிலை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். கடுசர்க்கரையால் செய்த 22 அடி நீளமுள்ள திருமேனி, ஒற்றைக்கல் மண்டபம், விளக்கேந்திய பாவைகள் வரிசையாக நிற்கும் கல்தூண்கள், சுவர்ச் சித்திரங்கள். கடவுளை நம்புகிறவர் கையெடுத்துக் கும்பிடுகிறார். நம்பாதவரும் அந்தக் கல்லில் உளி பிடித்த கைகளை நினைத்துத் தலை வணங்க வேண்டும். அந்தக் கைகளில் பலவும், 1936 நவம்பர் 12-ந் தேதி ஆலயப் பிரவேசப் பிரகடனம் வரும்வரை, தாங்கள் கட்டிய வாசலுக்குள் நுழைய முடியாமல் வெளியே நின்ற ஜனங்களின் கைகள். தலைவரி கட்டியவர்களும் அவர்கள்தான். ஊழியம் செய்தவர்களும் அவர்கள்தான். ஆகவே இந்தக் கோவில் ஒரு சாதியின் சொத்து அல்ல, ஒரு கமிட்டியின் சொத்தும் அல்ல. உழைத்த ஜனங்கள் அனைவரின் சொத்து.

இந்தக் கோவில்களுக்கு ஒரு காலத்தில் நிலம் இருந்தது. நாஞ்சில் நாட்டு ஏலாக்களில் விளைந்த நெல் கோவில் களஞ்சியத்துக்குப் போயிற்று. கர்னல் மன்றோ என்ற ஆங்கிலேயர் திருவிதாங்கூரில் ரெஸிடெண்டாகவும் திவானாகவும் இருந்தபோது, 1811-12 வாக்கில், நூற்றுக்கணக்கான கோவில்களையும் அவற்றின் நிலங்களையும் சர்க்கார் எடுத்துக்கொண்டது. நிலவருமானம் சர்க்கார் கஜானாவில் கலந்தது. அதற்கு ஈடாகக் கோவில் செலவைச் சர்க்கார் ஏற்றது.

இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். கோவிலுக்குச் சர்க்கார் கொடுக்கும் பணம் பிச்சையும் அல்ல, ராஜாவின் தர்மமும் அல்ல. எடுத்துக்கொண்ட நிலத்துக்கு வருஷாவருஷம் தீர்க்க வேண்டிய கடன்.

1949-ல் திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றானபோதும் இந்தக் கடன் தொடர்ந்தது. பிறகு தமிழர்கள் தாய்த் தமிழகத்தோடு இணையப் போராடினார்கள். 1954 ஆகஸ்டு 11-ந் தேதி புதுக்கடையிலும் மார்த்தாண்டத்திலும் துப்பாக்கிச் சூடு நடந்தது, உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1-ந் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழகத்தோடு சேர்ந்தன. அன்று கல்குளம் தாலுகாவில் இருந்த இந்தத் திருவட்டாறும் சேர்ந்தது.

நாடு பிரிந்தது, கடன் என்ன ஆயிற்று? அதையும் பிரித்தார்கள். அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் 290-ஏ என்ற ஒரு புதிய ஷரத்தைச் சேர்த்தது. கேரள சர்க்கார் தன் தொகுநிதியிலிருந்து வருஷந்தோறும் 46 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் திருவிதாங்கூர் தேவஸ்வம் நிதிக்குக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு சர்க்கார் இங்கு வந்து சேர்ந்த பகுதிகளிலுள்ள கோவில்களைப் பராமரிக்க வருஷந்தோறும் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் கொடுக்க வேண்டும். இந்தத் தொகைகள் சட்டசபையின் வோட்டுக்கு விடப்படுவதில்லை. எந்த மந்திரிசபை வந்தாலும் கொடுத்தே தீர வேண்டிய பணம்.

பாரத நாட்டின் அரசியல் சட்டத்திலே, நம் ஊர்க் கோவில்களின் எண்ணெய்த் திரிக்கு ரூபாய்க் கணக்கு எழுதி வைத்திருக்கிறது! இது நமக்குப் பெருமைதான். ஆனால் பெருமையோடு நிற்காமல், இதிலிருந்து பாடம் படிக்க வேண்டும். மூன்று பாடங்கள் இருக்கின்றன.

மூன்று பாடங்கள்

முதல் பாடம்: பொதுச் சொத்துக்கு உரிய பணத்தைச் சட்டத்தில் எழுதி வை. அப்படி எழுதினால்தான் ஆளுகிறவரின் மனநிலைக்குத் தக்கபடி அதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 1956-ல் அப்படி எழுதியவர்கள் புத்திசாலிகள்.

இரண்டாவது பாடம்: வெறும் ரூபாய் எண்ணை எழுதி வைத்தால் அந்த எண் அப்படியே நிற்கும், விலைவாசி மட்டும் ஏறிக்கொண்டே போகும். குமரி மாவட்டத்தில் மட்டும் 490 கோவில்கள் இந்த நிர்வாகத்தில் இருக்கின்றன. செங்கோட்டைப் பகுதியைக் கணக்கில் சேர்க்காமலே 13 லட்சத்து 50 ஆயிரத்தை 490-ஆல் வகுத்துப் பாருங்கள். கோவில் ஒன்றுக்கு வருஷத்துக்கு 2,755 ரூபாய். நாள் ஒன்றுக்கு ஏழரை ரூபாய்! இன்று ஜங்ஷனில் ஒரு சாயாவுக்குக்கூட இது காணாது. இந்த ஏழரை ரூபாயில் விளக்கெரிய வேண்டும். கூரை மராமத்து நடக்க வேண்டும். மாலை கட்டுகிறவருக்கும் முற்றம் பெருக்குகிறவருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும்! அரசியல் சட்டத்தில் உள்ள எண் இன்றும் அதேதான். மாநில சர்க்கார் பின்னாளில் மானியத்தைக் கோடிக்கணக்கில் உயர்த்தியது உண்மை, அதை வரவேற்கிறோம். ஆனால் உயர்த்தியது சர்க்கார் உத்தரவு. உத்தரவை இன்னோர் உத்தரவால் குறைக்கலாம். சட்டத்தின் பலம் அதற்கு இல்லை.

மூன்றாவது பாடம் கசப்பானது. பணம் மட்டும் போதாது. கணக்கும் காவலும் வேண்டும். இந்தக் கோவிலிலேயே பெருமாளின் பொற்கவசம் தகடு தகடாகக் களவு போயிற்று. 1992-ல் விஷயம் வெளியே வந்தது. திருடியவர் எங்கிருந்தோ வந்த கொள்ளைக்காரர் அல்ல. கோவிலுக்குள்ளேயே வேலை பார்த்தவர்களும் அதில் இருந்தார்கள். நாகர்கோவில் நீதிமன்றம் தண்டனை வழங்கியது எப்போது? 2019-ல்! இருபத்தேழு வருஷம்! ஒவ்வொரு வருஷமும் நகைகளை எடுத்து எடை போட்டு, பட்டியலை ஊர் ஜனங்கள் பார்க்கும்படி ஒட்டியிருந்தால், கவசம் தகடு தகடாகக் கரைந்திருக்குமா?

இந்தக் கோவிலில் 2022 ஜூலை 6-ந் தேதி கும்பாபிஷேகம் நடந்தது. 418 வருஷங்களுக்குப் பிறகு நடப்பது என்று பத்திரிகைகள் எழுதின. ஜனங்கள் கடலெனத் திரண்டார்கள். நல்லது. ஆனால் பாரம்பரியச் சொத்து 400 வருஷத்துக்கொரு முறை கொண்டாடுவதால் நிலைக்காது. மழைக்காலம் வருமுன் ஓட்டை மாற்றுகிறார்களே, அந்தச் சின்ன மராமத்தினால்தான் நிலைக்கும்.

செங்கோட்டைக்கு வந்த கம்பெனி

கோவிலை விட்டு வெளியே வருவோம். பத்மநாபபுரம் அரண்மனை இங்கிருந்து கூப்பிடு தூரம். அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண்ணில். பராமரிப்பது கேரளத் தொல்பொருள் இலாகா. எல்லை மாறிய பிறகும் ஒரு சர்க்கார் பக்கத்து மாநிலத்தில் உள்ள மரமாளிகைக்குச் செலவு செய்து அதைக் காத்து வருகிறது. மனமிருந்தால் முடியும் என்பதற்கு இது அத்தாட்சி.

மத்திய சர்க்கார் என்ன செய்கிறது? நம் திருநந்திக்கரைக் குடைவரையும் சிதறால் மலையின் சமணச் சிற்பங்களும் மத்தியத் தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் உள்ளவை. 2022-ல் நாடு முழுவதும் அந்த இலாகாவிடம் இருந்த சின்னங்கள் 3,693. அவற்றில் 50 சின்னங்கள் காணாமற்போய்விட்டன என்று 2022 டிசம்பரில் பார்லிமெண்ட் கமிட்டியின் அறிக்கை சொல்லிற்று. சில, நகரம் பெருகியதில் அழிந்தன. சில, அணைத் தண்ணீரில் மூழ்கின. 24 சின்னங்கள் எங்கே இருந்தன என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. 3,693-ல் காவலாளி போட்டிருந்தது 248 இடங்களில் மட்டுமே.

“காவலாளிக்குச் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை” என்கிறார்கள். சரி, மாற்று வழி என்ன? 2017-ல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். பாரம்பரியச் சின்னத்தைத் தத்து எடுக்கும் திட்டம். 2018-ல் டில்லிச் செங்கோட்டையில் வசதிகள் செய்து தரும் பொறுப்பு ஒரு சிமெண்டுக் கம்பெனிக்குப் போயிற்று. ஐந்து வருஷத்துக்கு 25 கோடி ரூபாய். தோழர்களே, பெற்றோர் இல்லாத குழந்தையைத்தான் தத்துக் கொடுப்பார்கள். செங்கோட்டைக்குப் பெற்றோர் இல்லையா? சுதந்திரக் கொடி ஏறிய மதிலுக்கு 140 கோடி ஜனங்கள் இருக்கிறார்கள். வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் இந்த நாட்டின் கஜானாவுக்கு ஒரு சுமையா?

அரசியல் சட்டத்தின் 49-வது ஷரத்து, தேச முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைக் காப்பது ராஜ்யத்தின் கடமை என்கிறது. கம்பெனியின் கடமை என்று அதில் எழுதவில்லை.

மலை வெட்டினால்தான் பணமா?

இனி மலையைப் பார்ப்போம்.

மூலம் திருநாள் காலத்தில் மிஞ்சின் என்ற இஞ்சினீயரின் மேற்பார்வையில் பேச்சிப்பாறை அணை கட்டி, 1906-ல் முடித்தார்கள். 1950-களின் தொடக்கத்தில் பெருஞ்சாணி அணை வந்தது. மாத்தூரில், பரளியாற்றின் மேலே 115 அடி உயரத்தில், சுமார் 380 மீட்டர் நீளத்துக்குத் தொட்டிப்பாலம் கட்டி 1966-ல் மலையிலிருந்து மலைக்குத் தண்ணீரை நடக்க வைத்தார்கள். எல்லாம் பொதுப்பணம். தண்ணீர் வந்தது; விளவங்கோட்டு மேட்டு நிலத்திலும் பச்சை தெரிந்தது. ஆனால் அணையும் கால்வாயும் தண்ணீரை உண்டாக்குவதில்லை. காடு இருந்தால்தான் அணைக்குத் தண்ணீர். அணைக்குச் செலவு செய்த சர்க்கார் காட்டுக்குச் செலவு செய்யாவிட்டால், பானை வாங்கிவிட்டுப் பசுவை விற்ற கதைதான்.

2008-ல் இங்குள்ள 402 சதுர கிலோமீட்டர் காட்டைக் கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் என்று அறிவித்தார்கள். 2022-ல் சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூர் நீர்நிலையும் ராம்சார் பட்டியலில் ஏறின. அதாவது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட ஈரநிலங்கள் ஆயின. பலகை நட்டார்கள். பலகை நட்டால் போதுமா? தூர் வார வேண்டும். ஆகாயத்தாமரை அகற்ற வேண்டும். சாக்கடை விழாமல் தடுக்க வேண்டும். இதற்கெல்லாம் வருஷாவருஷம் வரும் நிச்சயமான பணம் எங்கே?

இயற்கைப் பாதுகாப்புக்கு இந்த நாட்டில் ஒரு பெரிய நிதி உண்டு. சுருக்கமாக அதைக் காம்பா நிதி என்கிறார்கள். 2002-ல் சுப்ரீம் கோர்ட் உத்தரவில் தொடங்கியது. 2016-ல் அதற்குச் சட்டம் வந்தது. 2019 ஆகஸ்டில் மத்திய சர்க்கார் இந்த நிதியிலிருந்து மாநிலங்களுக்குக் கொடுத்த தொகை மட்டும் 47 ஆயிரம் கோடிக்கு மேல். கேட்டால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பணம் வந்த வழி என்ன? சுரங்கத்துக்கும் சாலைக்கும் அணைக்கும் காட்டைக் கொடுக்கும்போது, அதை வாங்குகிறவர் கட்டுகிற ஈட்டுத்தொகை அது. காடு அழிந்தால்தான் நிதி பெருகும்! காட்டைக் காப்பாற்றிய ஊருக்கு அந்த வகையில் காசு இல்லை. இழந்த ஊரின் பெயரால்தான் காசு.

அந்தக் காசும் போய்ச் சேர்ந்த இடம் என்ன? உத்தராகண்டில் அதில் ஒரு பகுதியை ஐபோனும் மடிக்கணினியும் குளிர்பதனப் பெட்டியும் வாங்கச் செலவிட்டதை மத்தியத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை 2025-ல் வெளியிட்டது. திருவட்டாற்றுக் கவசத்தின் பாடம் இமயமலையிலும் பொருந்துகிறது. கணக்கு ஜனங்கள் கண்ணில் படாவிட்டால் தங்கமும் கரையும், காடும் கரையும்.

நம் மாவட்டத்து நிலைமையைப் பாருங்கள். விழிஞ்ஞம் துறைமுகத்துக்குக் கடலில் கொட்டக் கல் வேண்டுமென்று நம் மலையோரத்துப் பொற்றைகளை உடைத்துக் கனரக லாரிகளில் கொண்டுபோனார்கள். கிள்ளியூர் வட்டாரத்தில் கடலோரக் கிராமங்களில் 1,144 ஹெக்டேர் நிலத்தில் அணுக் கனிம மணல் எடுக்க ஒரு திட்டம் போட்டார்கள். 2024 அக்டோபர் 1-ந் தேதிக்கு அறிவித்திருந்த கருத்துக் கேட்புக் கூட்டம், மீனவர்களும் விவசாயிகளும் எழுப்பிய எதிர்ப்பால் தள்ளி வைக்கப்பட்டது. 2017 நவம்பர் 30-ந் தேதி ஒக்கிப் புயலில் கடலில் போன நம் சகோதரர்கள் திரும்பவில்லை. மலையில் ரப்பர் மரங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. அந்த அனுபவம் உள்ள ஜனங்களிடம் “கடலோரத்தைத் தோண்டுகிறோம், பயப்படாதீர்கள்” என்றால் யார் நம்புவார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயற்கைப் பாதுகாப்பு என்ற பெயரில் பேச்சிப்பாறை மலையில் தலைமுறை தலைமுறையாக வாழும் காணி மக்களை அந்நியராக நடத்துவதை ஒப்புக்கொள்ள முடியாது. அரசு ரப்பர் கழகத் தோட்டத்தில் விடியுமுன் பால் வெட்டப் போகிற தொழிலாளியின் பிழைப்பைப் பறித்துக் காட்டைக் காப்பதாகச் சொல்வதும் நியாயமல்ல. 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம், காட்டைக் காக்கும் உரிமையையும் பொறுப்பையும் கிராமசபைக்குக் கொடுத்திருக்கிறது. காப்புப் பணம் அந்தக் கிராமசபையின் கைக்கு வரட்டும். காட்டின் காவல்காரன் காட்டில் இருப்பவனே.

வோட்டுக்கு யார் செலவழிக்கிறார்?

இப்போது மூன்றாவது விஷயத்துக்கு வருகிறோம். மலையை உடைக்க அனுமதிப்பதும் கோட்டையைத் தத்துக் கொடுப்பதும் யார்? சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் இருப்பவர்கள். அவர்களை அங்கே அனுப்புவது யார்? நாம். ஆனால் அவர்கள் அங்கே போவதற்கான செலவைக் கொடுப்பது யார்? விஷயம் இங்கேதான் இருக்கிறது.

பெரிய மாநிலங்களில் ஒரு சட்டசபை வேட்பாளர் 40 லட்சம் ரூபாய் வரை, பார்லிமெண்ட் வேட்பாளர் 95 லட்சம் ரூபாய் வரை செலவு செய்யலாம் என்று 2022-ல் உச்சவரம்பு வைத்தார்கள். ஒரு பால்வெட்டுத் தொழிலாளிக்கு நாள் ஒன்றுக்கு 500 ரூபாய் கூலி, வருஷத்தில் 300 நாள் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பைசாகூடச் சாப்பாட்டுக்குச் செலவழிக்காமல் சேர்த்தால் 40 லட்சம் சேர 26 வருஷத்துக்கு மேல் ஆகும்! அண்டி ஆபீசில் உட்கார்ந்து பருப்பு உடைக்கிற சகோதரிக்கு எத்தனை வருஷம் ஆகும் என்று கணக்குப் போடவே மனம் வரவில்லை.

அந்த 40 லட்சமும் வேட்பாளருக்கு மட்டுமே வரம்பு. கட்சி செலவழிப்பதற்கு வரம்பே கிடையாது. கட்சி ஒரு வேட்பாளருக்காகச் செய்யும் செலவும் வேட்பாளரின் கணக்கில் சேரும் என்று 1974-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. உடனே அந்த வருஷமே சட்டத்தைத் திருத்தி, சேராது என்று ஆக்கினார்கள். முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலை அகலத் திறந்த வேலை இது.

கம்பெனிகள் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதை 1969-ல் தடை செய்தார்கள்; 1985-ல் தடையை எடுத்தார்கள். பிறகு லாபத்தில் ஏழரை சதவிகிதத்துக்கு மேல் கொடுக்கக்கூடாது என்று இருந்த வரம்பையும் 2017-ல் எடுத்தார்கள். 2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. கொடுத்தவர் பெயர் ஜனங்களுக்குத் தெரியாது. யார் எந்தக் கட்சிக்குக் கொடுத்தார் என்பதும் தெரியாது. மார்க்சிஸ்ட் கட்சி அந்தப் பத்திரத்தை வாங்க மறுத்துக் கோர்ட்டுக்குப் போயிற்று. ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கமும் வழக்காடியது. 2024 பிப்ரவரி 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட் அந்தத் திட்டம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று ரத்துச் செய்தது.

அதற்குள் விற்ற பத்திரம் எவ்வளவு? சுமார் 16,518 கோடி ரூபாய்! பட்டியல் வெளியானபோது முதலிடத்தில் நின்றது லாட்டரிச் சீட்டு வியாபாரம் செய்யும் ஒரு கம்பெனி. அது மட்டும் 1,368 கோடி. சுரங்க முதலாளி, மருந்து முதலாளி, சாலைக் காண்டிராக்டர் எல்லாரும் பட்டியலில் இருந்தார்கள். பெரும்பங்கு போனது மத்தியில் ஆளுகிற கட்சிக்கு. வியாபாரி லாபமில்லாமல் முதல் போடுவானா? இன்று தேர்தலுக்குப் போட்ட முதல் நாளை பொற்றையாக, மணலாக, கோட்டையாக வட்டியோடு வசூலாகும்.

இந்திரஜித் குப்தாவின் கணக்கு

இதற்கு மாற்று உண்டா? உண்டு. 1998-ல் தேர்தல் செலவைச் சர்க்கார் ஏற்பது பற்றி ஆராய ஒரு கமிட்டி அமைத்தார்கள். தலைவர் இந்திரஜித் குப்தா. பதினொரு முறை லோக்சபைக்குத் தேர்வானவர். மத்திய உள்துறை மந்திரியாக இருந்தபோதும் டில்லியில் வெஸ்டர்ன் கோர்ட் விடுதி அறையிலேயே வாழ்ந்தவர். மன்மோகன் சிங், சோம்நாத் சாட்டர்ஜி, விஜய்குமார் மல்ஹோத்ரா என்று பல கட்சிக்காரர்கள் அதில் அங்கத்தினர்கள்.

கமிட்டி என்ன சொல்லிற்று? ரொக்கம் கொடுக்க வேண்டாம்; பொருளாகக் கொடுங்கள் என்றது. பெட்ரோல், காகிதம், ஒலிபெருக்கி, வாக்காளர் பட்டியல், டெலிபோன், ரேடியோவிலும் டெலிவிஷனிலும் நேரம். கணக்குத் தணிக்கை செய்து வைக்காத கட்சிக்கு உதவி கிடையாது. இதற்காக மத்திய சர்க்கார் வாக்காளர் ஒருவருக்கு வருஷம் 10 ரூபாய் வீதம், அன்றைய 60 கோடி வாக்காளர்களுக்கு 600 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டும். மாநிலங்கள் எல்லாம் சேர்ந்து அதே அளவு போட வேண்டும்.

ஆக மொத்தம் வருஷத்துக்கு 1,200 கோடி. தேர்தல் பத்திரம் ஆறு வருஷத்தில் 16,518 கோடி; அதாவது வருஷத்துக்குச் சராசரி 2,750 கோடி. அந்தக் கணக்கை இன்றைய வாக்காளர் தொகைக்கு வைத்துப் பார்த்தாலும், 2024-ல் இருந்த சுமார் 97 கோடிப் பேருக்குத் தலைக்கு 20 ரூபாய் வீதம், 1,940 கோடிதான் ஆகிறது. விலைவாசிக்கேற்ப அதையும் கூட்ட வேண்டும் என்பது உண்மையே. கூட்டினாலும், வோட்டர் கொடுக்கும் 50 ரூபாய்க்கு வோட்டரிடம் பதில் சொல்ல வேண்டும்; கம்பெனி கொடுக்கும் கோடிக்குக் கம்பெனியிடம் பதில் சொல்ல வேண்டும். எது மலிவு?

அந்த அறிக்கையின் பெரும்பகுதி அலமாரியில் தூங்குகிறது.

அதில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்கு மட்டுமே உதவி என்றது கமிட்டி. சுயேச்சைக்கும் புதிய சிறு கட்சிக்கும் கிடையாது. அப்படியானால் ஒரு மலைக்கிராமத்துக் காணி இளைஞன் நின்றால் அவனுக்கு ஒலிபெருக்கி யார் கொடுப்பது? இதைச் சரிசெய்ய வேண்டும். தலைக்குப் பத்து ரூபாய் என்று எண்ணை எழுதி வைப்பதும் 290-ஏ ஷரத்தின் பழைய பிழைதான். அதை விலைவாசியோடு கட்டிப்போட வேண்டும்.

“என் வரிப்பணம் அரசியல்வாதிக்கா?”

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபணை எழும். “ரோட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் பணமில்லை, எனக்குப் பிடிக்காத கட்சியின் கூட்டத்துக்கு என் வரிப்பணமா?” என்று சாயாக்கடையில் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான்.

நாம் சொல்லும் பதில்: உங்கள் பணம் இப்போதே போய்க்கொண்டிருக்கிறது. கட்சிகளின் வருமானத்துக்கு வருமான வரி விலக்கு. கட்சிக்கு நன்கொடை கொடுத்த கம்பெனி அந்தத் தொகை முழுவதையும் வரிக்குரிய வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அப்படிக் கஜானாவுக்கு வராமற்போகும் வரி யாருடையது? உங்களுடையது. ஆக, பொதுப்பணம் போவது புதிதல்ல. முதலாளி சொல்லும் கட்சிக்கு, முதலாளி சொல்லும் அளவுக்குப் போகிறது. நாம் கேட்பதெல்லாம், ஜனங்கள் வகுத்த சட்டப்படி, எல்லாருக்கும் சமமாக, கணக்கோடு போகட்டும் என்பதே.

மேலை நாடுகளில் இது புதுமையல்ல. மேற்கு ஜெர்மனி 1959-லேயே கட்சிகளுக்குச் சர்க்கார் பணம் கொடுக்கத் தொடங்கியது. அங்கே இன்றும் ஒரு விதி இருக்கிறது: ஒரு கட்சி சொந்த முயற்சியால் திரட்டுகிற வருமானத்துக்கு மேல் சர்க்கார் பணம் வாங்க முடியாது. ஆகவே கட்சி ஜனங்களிடம் போய்ச் சந்தாக் கேட்டே ஆக வேண்டும். நல்ல விதி. உண்டியல் குலுக்குவதை நிறுத்திவிட்ட கட்சி ஜனங்களை மறந்துவிடும்.

இன்னோர் உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். கம்பெனிப் பணத்தை அப்படியே விட்டுவிட்டு அதன் மேல் சர்க்கார் பணத்தையும் கொட்டினால், ஆற்றை மறிக்காமல் கிணறு தோண்டியதாகும். கம்பெனி நன்கொடைக்குத் தடையும், கட்சிச் செலவுக்கு வரம்பும் வந்தால்தான் பொதுப்பணத்துக்கு அர்த்தம் உண்டு.

இந்த ஊர் ஜனங்களுக்கு இது தெரியாத விஷயமல்ல. திருவட்டாறு என்றே ஒரு சட்டசபைத் தொகுதி இருந்தது. தொழிற்சங்க ஊழியரான ஜே. ஹேமச்சந்திரனை இங்குள்ள தொழிலாளர்களும் விவசாயிகளும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சட்டசபைக்கு அனுப்பினார்கள். 2006-ல் ஆர். லீமா ரோஸை அனுப்பினார்கள். 2008-ல் தொகுதி மறுசீரமைப்பில் அந்தப் பெயர் பட்டியலிலிருந்து மறைந்தது. தொகுதியின் பெயர் போகலாம். பணமூட்டை இல்லாத ஆளையும் ஜெயிக்க வைக்க முடியும் என்ற அனுபவம் போகக்கூடாது.

நம் கோரிக்கைகள்

ஆகவே தோழர்களே, நாம் முன்வைப்பது இவைதான்:

ஒன்று: 290-ஏ ஷரத்தில் உள்ள 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாயைத் திருத்தி, விலைவாசிக்கேற்ப வளரும் தொகையாக எழுத வேண்டும். ஒவ்வொரு கோவிலின் நகை, நில, வரவுசெலவுப் பட்டியலை வருஷந்தோறும் கோவில் வாசலில் ஒட்ட வேண்டும். தேசியச் சின்னங்களுக்குக் காவலாளி போடுவது சர்க்காரின் பொறுப்பு. தத்துக் கொடுக்கும் வேலையை நிறுத்த வேண்டும்.

இரண்டு: காட்டையும் குளத்தையும் காப்பதற்கு, அழிவின் ஈட்டுத்தொகையை நம்பாமல், பட்ஜெட்டில் நிரந்தர ஒதுக்கீடு வேண்டும். அதைச் செலவிடும் அதிகாரத்தில் கிராமசபைக்கும் காணி மக்களுக்கும் பங்கு வேண்டும். ஜனங்களின் சம்மதமின்றி மலையையும் கடலோரத்தையும் தோண்டக்கூடாது.

மூன்று: கம்பெனி நன்கொடைக்குத் தடை, கட்சிச் செலவுக்கு உச்சவரம்பு, தணிக்கை செய்த கணக்கின் பேரில், சிறு கட்சிக்கும் சுயேச்சைக்கும் இடமளித்து, பொருளாகத் தேர்தல் உதவி.

இவை மூன்றும் தனித்தனிக் கோரிக்கைகளாகத் தோன்றலாம். மூன்றாவது நிறைவேறாவிட்டால் முதல் இரண்டும் காகிதத்தில்தான் இருக்கும். முதலாளியின் பணத்தில் ஜெயித்தவர் முதலாளி கேட்கும் மலையைக் காப்பாற்ற மாட்டார்.

இந்தக் கூட்டத்தோடு காரியம் முடிந்துவிடாது. அடுத்த கிராமசபைக் கூட்டம் நடக்கும்போது நீங்கள் எல்லோரும் போக வேண்டும். தாய்மார்கள் முன்வரிசையில் உட்கார வேண்டும். உங்கள் ஊர்க் கோவிலுக்கு இந்த வருஷம் வந்த பணம் எவ்வளவு? உங்கள் ஊர்க் குளத்துக்கு எவ்வளவு? உங்கள் ஊர்ப் பாறைக்கு யார் பெயரில் லைசென்சு? இந்த மூன்று கேள்வியை எழுந்து நின்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். வோட்டுக் கேட்டு எந்தக் கட்சிக்காரர் வாசலுக்கு வந்தாலும், எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறோம், நான்காவதாக ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் செலவுக்குப் பணம் கொடுத்தது யார்?”

இந்த நான்கு கேள்விக்கும் பதில் சொல்லாமல் யாரும் நம் வாசலைத் தாண்டிப் போகாத நிலைமையை நாம் உண்டாக்குவோம்!